தங்கவயல் தாத்தா எந்த ஊர்?

கடல் தாண்டிப் போன தமிழரின் பிறந்த ஊரும் தகப்பன் பெயரும் ஏட்டில் இருக்கின்றன. பக்கத்துச் சீமைக்கு ரயிலேறிப் போனவருக்கு ஏன் இல்லை?

1930 ஏப்ரல். இன்றைய கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் சுரங்கங்களில் ஒரு புது உத்தரவு. இனி வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும், மையில் விரலை அழுத்திக் கைரேகையும் கொடுக்க வேண்டும். பாறை உடைத்து உடைத்து மரத்துப்போன விரல்கள் அவை. கொடுக்க மாட்டோம் என்றார்கள் தொழிலாளர்கள். கைரேகை எடுப்பதெல்லாம் திருடனிடமும் கேடியிடமும்தான், எங்களை யாரென்று நினைத்தீர்கள் என்பது அவர்கள் கோபம். ஒரு சுரங்கத்தில் விரட்டப்பட்டவன் இன்னொன்றில் வேறு பெயரில் சேர்ந்து பிழைத்துக்கொள்ளும் வழியும் இதோடு அடைபட்டுவிடும் என்கிற அச்சமும் உள்ளே இருந்தது. சங்கம் என்று சொல்லிக்கொள்ள வலுவான அமைப்பு எதுவும் இல்லாத காலம். ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் ஒரே மூச்சில் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். தங்கவயலின் சரித்திரத்தில் அது பெரிய வேலைநிறுத்தம்.

அவர்களுடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இப்போது தேடுவது அப்படி ஒரு பதிவேட்டைத்தான். கொள்ளுத்தாத்தாவின் பெயர், அவரைப் பெற்றவர் பெயர், பிறந்த ஊர், பிறந்த ஆண்டு, இந்த நாலும் ஒரே வரியில் எழுதிய ஏதாவது ஒரு காகிதம்.

தங்கவயலின் சாம்பியன் ரீஃபிலோ மாரிக்குப்பத்திலோ தொழிலாளர் லைன் வீடு ஒன்றில் உட்கார்ந்து இந்தப் பேச்சை எடுத்தால் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப்பெட்டி வெளியே வரும். அப்பாவின் பாரத் கோல்டு மைன்ஸ் (பி.ஜி.எம்.எல்.) அடையாள அட்டை, ரேஷன் கார்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், யாரோ ரிட்டையர் ஆன நாளில் மாலையோடு எடுத்த குரூப் போட்டோ. எல்லாவற்றுக்கும் அடியில், துணியில் சுற்றி, ஒரு பித்தளை வில்லை. ஷாஃப்டில் இறங்கும்போது கொடுத்து, ஏறி வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும் வில்லை. அதன் மேல் சுரங்கத்தின் பெயர் இருக்கும், ஓர் எண் இருக்கும். ஆளின் பெயர் இருக்காது. மூன்றாம் தலைமுறைக்கு மேலே போனால் பெரும்பாலான வீடுகளில் கையில் மிஞ்சுவது இவ்வளவுதான்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு? 2024 ஆகஸ்டில் பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' வந்தபோது, வடஆற்காட்டிலிருந்து பொன் தேடிப் போன கூட்டத்தைத் திரையில் பார்த்த பலர் தங்கள் வீட்டுக் கதையைக் கிளற ஆரம்பித்தார்கள். 2025 நவம்பரில் தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்து, பழைய பட்டியலில் நீயோ உன் பெற்றோரோ எங்கே இருந்தீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டது. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. பிறப்பு என்பது காகிதத்தில் இருந்தால்தான் உண்டு என்றாகிவிட்ட காலத்தில், காகிதமே இல்லாமல் பிறந்தவர்களைப் பற்றிய கவலை இது.

வந்தவர்கள்

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளின் நிலமற்ற தமிழர்கள், அதிலும் பெரும்பங்கு பறையர் குடும்பங்கள். ஊரில் பண்ணையடிமை, பஞ்சம். இங்கே உயிருக்கு உத்தரவாதம் இல்லாத வேலை, ஆனால் கையில் காசு. கம்பெனி அவர்களை நேரடியாகச் சேர்த்துக்கொண்டது குறைவு. காண்ட்ராக்டரும் மேஸ்திரியும்தான் ஆள் கொண்டுவந்தார்கள். எத்தனை தலை என்பது கம்பெனிக்குத் தெரிந்தால் போதும், யார் மகன் என்பது தெரிய வேண்டியதில்லை. மேஸ்திரியின் கணக்கு நோட்டு மேஸ்திரியோடு போயிற்று.

முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்த இடத்தில் ஆரம்ப காலத்து ஆட்களைப் பற்றிய எழுத்து ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

▪ பெட்டிச் செய்தி: தங்கவயல் தேதிகள்

1802: திப்புவின் வீழ்ச்சிக்குப் பிறகு எல்லை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், இப்பகுதியில் மக்கள் பொன் எடுப்பதைப் பார்த்துக் குறிப்பெழுதுகிறார்.
1870-கள்: வாரனின் குறிப்பைப் படித்த மைக்கேல் ஃபிட்ஜெரால்டு லாவெல் மைசூர் அரசிடம் உரிமம் பெற்று உரிகத்தில் தோண்டுகிறார்.
1880: ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகம் தொடங்குகிறது.
1902: சிவசமுத்திரத்திலிருந்து நீர்மின்சாரம் வருகிறது.
1956: மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொள்கிறது. பின்னர் மத்திய அரசின் கைக்குப் போகிறது.
1972: பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட்.
2001 பிப்ரவரி 28: மூடல். அதுவரை எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன். ஆழம் 3 கிலோமீட்டருக்கு மேல்.

கப்பலேறியவன், ரயிலேறியவன்

வடஆற்காட்டில் ஒரே தெருவைச் சேர்ந்த இரண்டு பேரை எண்ணிப் பார்ப்போம். 1890-களின் பஞ்சத்தில் இருவரும் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள். ஒருவன் சென்னைத் துறைமுகத்துக்குப் போய்த் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறுகிறான். இன்னொருவன் ஜோலார்பேட்டை வழியாக பௌரிங்பேட்டை, அதாவது இன்றைய பங்காருப்பேட்டை போய் இறங்கி, மாரிக்குப்பத்துக்கு வருகிறான்.

கப்பலேறியவனை வரிசையில் நிறுத்தி எழுதினார்கள். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள மச்சமும் தழும்பும், எந்தத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டான் என்பது வரை. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் ஆள் இறக்கியதிலிருந்து 1911-இல் ஒப்பந்தக் கூலி முறை நிற்கும் வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதி சென்னை வழியாகப் போனவர்கள். அந்தக் கப்பல் பட்டியல்கள் இன்று தேடிப் பார்க்கக் கிடைக்கின்றன. மொரீஷியஸில் மோக்கா நகரின் மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேறியவர்களின் பேரேடுகளோடு புகைப்படங்களும் உண்டு. கொள்ளுத்தாத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் பேத்திகள். 2024-இல் இந்தியா, ஏழாம் தலைமுறை மொரீஷியஸ் வம்சாவளியினருக்கும் வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை தருவதாக அறிவித்தது. ஏழு தலைமுறைக்கு முந்தைய மூதாதையை எடுத்துக் காட்ட அவர்களால் முடிகிறது.

ஒப்பந்தக் கூலியின் பதிவேடு அன்பினால் எழுதப்பட்டதில்லை. ஓடிப்போனால் பிடிக்கவும், தோட்டக்காரனிடம் கணக்கு ஒப்படைக்கவும் எழுதியது. அந்தக் கொடுமையின் மிச்சமாகத்தான் ஒரு தகப்பன் பெயர் தப்பியிருக்கிறது. ரயிலேறியவனுக்கு அந்த எழுத்தும் கிடைக்கவில்லை. சென்னை மாகாணத்திலிருந்து மைசூர் சமஸ்தானத்துக்குப் போனான் என்பதைத் தவிர அரசுக்கு அவனைப் பற்றிக் கேட்க எதுவும் இருக்கவில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருக்கிறதே என்பார்கள். பிரிட்டனில் வீட்டுவாரிக் கணக்கெடுப்புத் தாள்களை நூறு ஆண்டு கழித்துப் பொதுமக்களுக்குத் திறக்கிறார்கள். 1921-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டன. நம் நாட்டில் தொகுத்த எண்ணிக்கைதான் மிஞ்சுகிறது. 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டப்படி தனிநபர் விவரத்தை யாரும் பார்க்கவும் முடியாது, சாட்சியமாகக் காட்டவும் முடியாது. 1911-இல் கோலாரில் எத்தனை ஆண், எத்தனை பெண் என்பது தெரியும். அதில் உங்கள் தாத்தா யார் என்பது தெரியாது.

ஓர் எழுத்தில் ஒரு தகப்பன்

கிடைக்கும் காகிதமும் எளிதில் பேசுவதில்லை. தமிழ்ப் பெயர் வழக்கில் தகப்பன் ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடுகிறார். 'எம். முனுசாமி' என்று சம்பளப் பட்டியலில் இருந்தால் அந்த எம், மாரியா, முத்துவா, முனியனா? வடஆற்காட்டுக் குடும்பங்களில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள். ஒரே லைனில் நாலு முனுசாமி, அதில் இரண்டு பேர் ஒரே வீட்டில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை. தேடுகிறவருக்கு இது தலைவலிதான். ஆனால் துப்பும் இதுவேதான். மூத்த பேரன் பெயர் தெரிந்தால் தாத்தா பெயரைப் பெரும்பாலும் ஊகிக்கலாம்.

வயது இன்னும் மோசம். பள்ளியில் சேர்க்கும்போது தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொல்லி, தொட்டால் ஐந்து வயது என்று ஹெட்மாஸ்டர் ஒரு ஜூன் மாதத் தேதியை எழுதிக்கொள்வார். ஒரு தலைமுறையே ஜூனில் பிறந்ததாகக் கணக்கு. கிராமத்துப் பிறப்புப் பதிவேடு கிடைத்தாலும், குழந்தை பிறந்த சில நாளில் எழுதுவதால் பெயர்க் கட்டம் பெரும்பாலும் காலியாக இருக்கும். ஆண் குழந்தை, தகப்பன் இன்னார், சாதி, தேதி, அவ்வளவு. முனுசாமி என்ற பெயரைத் தேடினால் கிடைக்காது. தகப்பன் பெயரைத் தேடி, ஆண் குழந்தை என்ற வரியில் நிறுத்தி, இது நம் ஆள்தானா என்று ஆண்டை வைத்துப் பொருத்த வேண்டும்.

▪ பெட்டிச் செய்தி: ஊர் அசையவில்லை, ஜில்லா மாறியது

திருப்பத்தூர் பக்கத்து ஒரு கிராமம். 1900-இல் அது சேலம் ஜில்லா. 1911-இல் திருப்பத்தூர் தாலுகா வடஆற்காட்டுக்கு மாற்றப்பட்டது. 1989-இல் வடஆற்காடு இரண்டானபோது வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், பிறகு வேலூர். 2019 நவம்பரிலிருந்து திருப்பத்தூர் மாவட்டம்.
1911 வரை வடஆற்காட்டின் தலைமையிடம் சித்தூர். இன்று அது ஆந்திரம். தாத்தா 'ஆற்காடு ஜில்லா' என்று சொல்லியிருந்தால், அவர் கிராமம் இன்று இரண்டு மாநிலங்களில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம்.

பிறப்பைச் சொல்லும் கோயில் ஏடு

தங்கவயலில் பழைய பிறப்புக்கு மிக நம்பகமான எழுத்து எங்கே இருக்கிறதென்று கேட்டால், தேவாலயத்தில் என்றுதான் சொல்ல வேண்டும். சாம்பியன் ரீஃபின் வெற்றி மாதா கோயில் போன்ற கத்தோலிக்கக் கோயில்களில் ஞானஸ்நானப் பதிவேடு எழுதும் முறை உலகெங்கும் ஒன்றுதான். பிள்ளையின் பெயர், பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், தகப்பன், தாய், ஞானத்தகப்பன், ஞானத்தாய், கொடுத்த குருவின் கையெழுத்து. பழைய ஏடுகள் லத்தீனில் இருக்கும். சின்னப்பன் 'பவுலுஸ்' ஆகியிருப்பார், யாகப்பன் 'யாகோபுஸ்' ஆகியிருப்பார்.

நான் எல்லோரையும் பார்க்கச் சொல்வது ஓரத்தை. 1908 முதல் திருச்சபையில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. ஒருவர் எந்த ஊரில் கல்யாணம் செய்துகொண்டாலும், அந்தச் செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குப் போக வேண்டும். அங்கே அவர் பெயருக்குப் பக்கத்தில், ஓரத்தில், தேதியும் ஊரும் துணையின் பெயரும் குறிக்க வேண்டும். வேலூர்ப் பக்கத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தங்கவயலில் தாலி கட்டியவரின் இரண்டு வாழ்க்கையும் அந்த ஓரத்துச் சின்ன எழுத்தில் கட்டுண்டு கிடக்கும். கல்யாணப் பதிவேட்டைப் பிடித்தால் ஞானஸ்நானக் கோயில் தெரியும், அந்தக் கோயில் தெரிந்தால் சொந்த ஊர் தெரியும்.

ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயர்களையும் விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் அவர்கள் மாமனோ சித்தியோதான். தகப்பன் வழி அடைபட்டால் தாய்மாமன் வழியாகப் போய் ஊரைப் பிடித்துவிடலாம்.

ஆனால் வந்தவர்களில் கிறிஸ்தவர்கள் ஒரு பகுதிதான். மாரியம்மனையும் முனீஸ்வரனையும் கும்பிட்டவர்களின் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு ஏடு இல்லை.

துரைமாருக்கும் இதே தேடல்

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த சுரங்கக்காரர்களும், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் 'குட்டி இங்கிலாந்து' என்று தங்கவயலுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் தேடுகிறார்கள். அவர்களுக்கு வசதி அதிகம். இந்தியாவில் நடந்த ஆங்கிலேய ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்குப் போயின. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் சென்னை வரிசை தனியாக இருக்கிறது, இணையத்திலும் ஏறியிருக்கிறது. தேடுவோருக்கு உதவ 1998-இல் ஒரு சங்கமே தொடங்கினார்கள்.

அவர்களுக்கும் இது பொழுதுபோக்கு மட்டும் இல்லை. 1968-இல் பிரிட்டன் குடியேற்றச் சட்டத்தை இறுக்கியபோது, பெற்றோரோ தாத்தா பாட்டியோ அங்கே பிறந்ததைக் காட்டினால்தான் தடையில்லாமல் உள்ளே போகலாம் என்றானது. ஒரு ஞானஸ்நானச் சீட்டு குடும்பத்தின் திசையை மாற்றியது. ஆங்கிலத் தகப்பன் பெயர் எழுத்தில் இருக்கும், தமிழ்ப் பாட்டியின் பெயர் இருக்காது. அந்த இடைவெளி பல குடும்பங்களில் அறிந்தே விடப்பட்டது.

தங்கவயலைத் தொடங்கிய லாவெல் அயர்லாந்துக்காரர். பெங்களூரில் ஒரு சாலைக்கே அவர் பெயர். அவர் தலைமுறை அயர்லாந்துக்காரர்களின் வேரைத் தேடுவதும் கடினம். 1922 ஜூன் 30 அன்று டப்ளினில் உள்நாட்டுச் சண்டையில் ஆவணக் காப்பகம் தீப்பற்றி, பத்தொன்பதாம் நூற்றாண்டு முற்பாதியின் கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி சாம்பலாயிற்று.

▪ பெட்டிச் செய்தி: சிலந்தி ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்த பிறப்பு

சயாம் அரசரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆனா லியோனோவென்ஸ் பெயரை ஹாலிவுட் படங்கள் உலகறியச் செய்தன. 1834-இல் வேல்ஸில், நல்ல குடும்பத்தில் பிறந்ததாக அவரே சொல்லிவந்தார். 1915-இல் அவர் இறந்து அறுபது ஆண்டு வரை உலகம் நம்பியது.
சிலந்திகளை ஆராய்ந்த டபிள்யூ. எஸ். பிரிஸ்டோ, ஆனாவின் மகனைப் பற்றி எழுதப் புகுந்து ஆவணங்களைத் துழாவினார். வேல்ஸில் அந்தப் பிறப்பே இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஏடுகளில் இருந்தது வேறு: 1831-இல் அகமதுநகரில் பிறப்பு, தகப்பன் தாமஸ் எட்வர்ட்ஸ் என்ற சார்ஜென்ட், மகள் பிறக்கும் முன்பே இறந்தவர்.
தாய்வழித் தாத்தா கிளாஸ்காட், பம்பாய்ப் படை அதிகாரி. பாட்டி இந்தியப் பெண் அல்லது கலப்பினப் பெண் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஏட்டில் அவர் பெயர் இல்லை.

1950 ஆகஸ்ட் 10

இந்தக் கட்டுரை எழுதப்படுவதற்கு உண்மையான காரணம் இந்தத் தேதி.

அன்றுதான் பட்டியல் சாதிகள் யார் என்று குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஆதிதிராவிடரும் பறையரும் தமிழ்நாட்டுப் பட்டியலிலும் உண்டு, கர்நாடகப் பட்டியலிலும் உண்டு. அதனால் சிக்கல் இல்லை என்று தோன்றும். சிக்கல் அங்கேதான். ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர் இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்த உரிமை கூடவே வராது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாதியின் பெயர் இரண்டு பட்டியலிலும் இருந்தாலும் இதே கதைதான். ஆக, தங்கவயலில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் கர்நாடகத்தில் சாதிச் சான்று வாங்க, தன் குடும்பம் அந்த ஆணை வந்த நாளில் மைசூர் மண்ணில் நிரந்தரமாக இருந்ததைக் காட்ட வேண்டும். அவள் பிறக்கவில்லை, ஒருவேளை அப்பாவும் பிறக்கவில்லை. தாத்தாவைத்தான் காட்ட வேண்டும்.

சுரங்க வேலையில் 1950-க்கு முன்பே தாத்தா இருந்தார் என்பதற்கான ஒரு வரி அவள் கல்லூரி இடத்தையும் வேலையையும் தீர்மானிக்கிறது. இல்லையென்றால் தமிழ்நாட்டில் வாங்கிக்கொள் என்பார்கள். தமிழ்நாட்டுத் தாலுகா அலுவலகத்தில், உன் வீடு கர்நாடகத்தில்தானே என்பார்கள். இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் நிற்கிறது ஒரு குடும்பம்.

அடுத்த முடிச்சு இதைவிடக் கொடியது. பிறப்பைச் சொல்லும் மிக நம்பகமான எழுத்து தேவாலயத்தில் இருக்கிறது என்று மேலே சொன்னேன். 1950 ஆணைப்படி இந்துக்கள்தான் பட்டியல் சாதியினர். 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்கள் இல்லை. தாத்தா பிறந்ததை நிரூபிக்கும் அதே ஞானஸ்நானச் சீட்டு, குடும்பத்தின் சலுகைக்கு எதிரான சான்றாகவும் நிற்கிறது. காட்டினால் ஒன்று போகும், காட்டாவிட்டால் இன்னொன்று போகும். சேரியில் அவமானப்பட்ட ஒரு மனிதன் ஏசுவிடம் போனான் என்பதற்காக அவன் பேத்தியிடம் காகிதம் கேட்டு இப்படி வதைப்பது நியாயமே இல்லை.

கடலுக்கு அந்தப்பக்கம் இதைவிடப் பெரிய விலை கொடுத்தவர்களும் உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி வழியாகப் போனவர்களும் தகர டிக்கெட்டில் ஒரு எண்ணோடுதான் போனார்கள். 1948-ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் என்ன கேட்டது? தகப்பன் இங்கே பிறந்ததைக் காட்டு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டு. காட்ட ஏட்டில் எதுவும் இல்லை. லட்சக்கணக்கானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மீதிப் பேருக்குக் கடைசி விடை 2003-இல்தான் கிடைத்தது. மூதாதையின் பிறப்பு ஏட்டில் இல்லாமல் போனதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுத் தண்டனை.

பெயரை மாற்றியவர்கள்

சில முன்னோர்கள் கிடைக்காமல் போனதற்கு அவர்களே காரணம். அதை மரியாதையோடு புரிந்துகொள்ள வேண்டும்.

சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதரை எடுத்துக்கொள்வோம். 1845 மே 20 அன்று பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். ஆசிரியர் மீது வைத்த பற்றினால் அவர் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டார். பிறந்தது சென்னை ஆயிரம்விளக்கா, கோவைப் பகுதியா என்று இன்றும் இருவிதமாக எழுதுகிறார்கள். இவ்வளவு பெரிய மனிதருக்கே இந்த நிலை. அவர் பாட்டனார் கந்தப்பன், ஹாரிங்டன் என்ற வெள்ளைக்காரரிடம் பட்லர், அவர் வழியாகத் திருக்குறள் ஓலைச்சுவடி ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் கைக்குப் போனது. இது நமக்குத் தெரிவது எந்த அரசு ஏட்டாலும் இல்லை, பேரன் எழுதிவைத்ததால்.

1907-இல் அவர் தொடங்கிய 'தமிழன்' இதழுக்குத் தங்கவயலில் பெரிய வாசகர் கூட்டம் இருந்தது. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்கள் எழுந்தன, சித்தார்த்தா அச்சகம் வந்தது, அவர் நூல்கள் இங்கே அச்சாயின. சாதியற்றவர்கள் என்று கணக்கெடுப்பில் சொல்லுங்கள் என்பது அவர் வேண்டுகோள். இரவில் சுரங்கத்தில் இறங்கிவிட்டுப் பகலில் அவரைப் படித்தவர்கள், சாதியைச் சொல்லும் பெயரை விட்டுப் புதுப் பெயர் சூட்டிக்கொண்டார்கள், பிள்ளைகளுக்கு பௌத்தப் பெயர் வைத்தார்கள். ஏட்டின் சாதிக் கட்டத்தில் சாதியை எழுதாதே என்று போராடிய மனிதரின் கொள்ளுப்பேரன், அந்தக் கட்டத்தில் சாதி எழுதியிருக்கிறதா என்று இன்று தேடுகிறான். இருவரையும் அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது ஒரே சாதிக் கொடுமைதான்.

1930-இல் கைரேகை மறுத்தவர்களையும் இப்படித்தான் பார்க்கிறேன். அன்று அது தன்மானம். பின்னாளில் 1952-ஆம் ஆண்டு சுரங்கச் சட்டத்தின் கீழ் 'பி' படிவப் பதிவேடு வந்தது. தொழிலாளியின் பெயர், தகப்பன் பெயர், வயது, சொந்த ஊர், தாலுகா, ஜில்லா, சேர்ந்த தேதி, கையெழுத்து அல்லது ரேகை. சுதந்திர இந்தியாவில் அது தொழிலாளியின் உரிமைக்கான காகிதமாயிற்று. 1950-களின் நடுவில் வேலையில் இருந்தவருக்குப் பிறந்த ஊரைச் சொல்லும் ஏடு என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

எங்கிருந்து தொடங்குவது

சுரங்க ஏடுகளை யார் காக்க வேண்டும் என்பதில் குழப்பம் தேவையில்லை. 1993-ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. நினைத்தபடி ஆவணத்தை அழிக்க முடியாது, 1892-க்கு முந்தையதை, பயன்படாதபடி சிதைந்திருந்தால் தவிர, அழிக்கவே முடியாது. மூடிய கம்பெனிக்கும் இது பொருந்தும். தங்கவயலில் மிஞ்சியிருக்கும் சம்பளப் பட்டியல், பி படிவம், ஆஸ்பத்திரிப் பிரசவ ஏடு எல்லாவற்றையும் கரையான் தின்னும் முன் படமெடுத்து, பெயர்வாரி அட்டவணை போட்டுப் பொதுவில் வைக்க வேண்டும். மொரீஷியஸில் ஒரு தீவு செய்ததை இங்கே இரண்டு அரசுகள் சேர்ந்து செய்ய முடியாதா? பழைய வாக்காளர் பட்டியலை நோண்டும் அதிகாரம் உள்ள அரசுக்கு இந்தக் கடமையும் உண்டு.

அதுவரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. தாத்தாவின் சுரங்கம், எண், சேர்ந்த ஆண்டு ஏதாவது தெரிந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பணிப்பதிவின் நகல் கேட்டு எழுதலாம். தாத்தாவின் தம்பியின் பணிப்பதிவு கிடைத்தாலும் போதும், தகப்பன் ஒருவர்தானே. ஊர் பெயர் தெரிந்துவிட்டால் கிராமத்தின் செட்டில்மென்ட் 'ஏ' பதிவேடு, பத்திரப்பதிவு வில்லங்கம், பிறப்பு ஏடு என்று போகலாம். பிறப்பு ஏடு தாலுகா அலுவலகத்திலா, சார்பதிவாளரிடமா என்பது ஊருக்கு ஊர் மாறும், இரண்டிலும் கேட்க வேண்டும். 1892-க்குப் பிறகு ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலக் கணக்கில் பெயர் இருந்தால் அது பொக்கிஷம். நிலமற்றவர் பெயர் அரசு ஏட்டில் ஏறிய அபூர்வ இடம் அது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, போக வேண்டும்.

ஊர் பெயரே தெரியாவிட்டால் குலதெய்வத்தைப் பிடிக்க வேண்டும். நான்கு தலைமுறை தங்கவயலில் கழித்த குடும்பமும் முதல் மொட்டைக்கும் காதுகுத்துக்கும் எந்தக் கோயிலுக்குப் போனது என்பது பாட்டிக்குத் தெரியும். அந்தக் கோயிலில் பொங்கல் வைக்கும் மற்ற குடும்பங்கள் பங்காளிகள். அவர்களில் ஒரு வீட்டில் நிலப் பத்திரம் இருக்கும், அதில் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் பெயர் பங்குதாரராக ஒட்டிக்கொண்டிருக்கவும் கூடும்.

லைன் வீடுகளில் எண்பது வயது கடந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்யாணப் பேச்சில் சொல்லிப் பழகிய ஊர் பெயர்கள் அவர்கள் வாயில் இருக்கின்றன. இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்குப் போகிறவர்கள் செல்போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு முதலில் ஊரைக் கேளுங்கள், பிறகு அந்த ஊருக்குப் போக எங்கே இறங்கி எப்படி நடந்தார்கள் என்று கேளுங்கள், தாத்தாவோடு ரயிலேறி வந்த மற்றவர்கள் யார் என்று கேளுங்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்போது எந்த லைனில் இருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.